எதுவும் வீணாகவில்லை

வயதான பயணிகள் விமானம் ஒன்றைப் பிரித்து விற்கும்போது ஏறக்குறைய எதுவுமே வீணாவதில்லை என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். இன்ஜின் இன்னொரு விமானத்துக்கு, சக்கரங்கள் வேறொன்றுக்கு, இருக்கைகள் யாருடைய வரவேற்பறைக்கோ, உடம்புத் தகடு உருக்காலைக்கு. இதைக் கேட்டு நிம்மதி அடையவேண்டியவன் நான். வேட்டி கிழிந்தால் துண்டு, துண்டு கிழிந்தால் கரித்துணி என்று நடந்த வீட்டில் வளர்ந்தவன். ஆனால் கொஞ்ச காலமாக உள்ளே ஓர் உறுத்தல்தான் கிடக்கிறது. எதுவும் வீணாகவில்லை என்றால் போனது என்ன? ஏதோ போயிருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. இன்ஜினில் இருந்திருந்தால் அது இன்னும் பறந்துகொண்டிருக்கும், தகட்டில் இருந்திருந்தால் உருகி வேறொன்றாகியிருக்கும். 2024 ஏப்ரல் 22 அன்று ஏர் இந்தியாவின் கடைசி 747 மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பியது. ‘ஆக்ரா’ என்று அதற்குப் பெயர். எழும்பிய கையோடு விமானி இறக்கைகளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒருமுறை சாய்த்துக் காட்டினார். கைப்பேசியில் பலரும் பார்த்துக் கண்கலங்கிய காட்சி அது. பாகம் பாகமாகக் கழற்றத்தான் அது போகிறது என்று அதே செய்தியின் அடுத்த வரி சொன்னது. தன் இன்ஜினைத் தானே ஓட்டிக்கொண்டு போய் உடைபடும் இடத்தில் இறங்குவது. கப்பல்களும் அப்படித்தான், குஜராத்தின் அலங்கில் கடல் பெருகி நிற்கும் வேளை பார்த்து, முழுவேகத்தில் வந்து மணலில் ஏறி நின்றுகொள்கின்றன. அதற்குப் பிறகு இன்ஜினை யாரும் முடுக்குவதில்லை.

இதற்காக வருத்தப்பட எனக்கு என்ன பாத்தியதை என்றும் கேட்டுக்கொள்கிறேன். 747 எதிலும் நான் ஏறியதில்லை. எங்கள் ஆட்டையாம்பட்டியில் முறுக்குச் சுடுகிறவர்களுக்கும் தறி ஓட்டுகிறவர்களுக்கும் விமானம் என்பது பெரும்பாலும் சாயங்கால வானத்தில் இழுத்துவிட்ட வெள்ளைக் கோடு. எங்களுக்கென்று ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் ஒரு விமான நிலையம் 1993-இல் வந்தது. வந்ததே தவிர விமானம் வரவில்லை என்றுதான் வெகுகாலம் பேச்சு. 2009-இல் கிங்ஃபிஷர் சென்னைக்குப் பறந்தது, இரண்டு மூன்று வருடத்தில் நின்றது. 2018-இல் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியிருக்கிறது. நடுவில் ஓடுபாதையை நீட்ட நிலம் கேட்டு வந்தபோது சம்சாரிகள் எதிர்த்து நின்றதும் உண்டு. கிங்ஃபிஷர் 2012-இல் மொத்தமாகப் படுத்த பிறகு, அதன் விமானங்கள் சில நாட்டின் விமான நிலைய ஓரங்களில் ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தன. காமலாபுரத்தில் வந்து இறங்கிய ஏடிஆர் எதுவும் அந்தக் கூட்டத்தில் இருந்ததா என்று எப்போதாவது யோசிப்பேன். யோசித்து ஆவதொன்றுமில்லை. ஆனால் ஒரு வண்டி நின்றுபோனால் அது எங்கே நிற்கிறது என்று கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். இது லாரி பூமி. நாமக்கல்லில் பாடி கட்டுவார்கள், சங்ககிரியில் வண்டி வைத்திருப்பார்கள், திருச்செங்கோட்டில் ரிக் ஏற்றி நாடெங்கும் ஆழ்துளை போட அனுப்புவார்கள். வண்டி பிறப்பதும் வளர்வதும் பார்த்திருப்பதால் அது உடைபடுவதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

சேலத்தில் லாரி உடைக்கும் பட்டறை ஒன்றில் அவ்வப்போது போய் உட்கார்ந்திருக்கிறேன். எப்சி காட்ட முடியாமல் போன வண்டி முதலில் ஒரு மூலையில் நிற்கும். உரிமையாளர் வந்து டேஷ்போர்டு மேல் இருக்கும் சாமி படத்தை எடுப்பார். சிலர் நெற்றிப் பலகையைக் கழற்றித் தரச்சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மகள் பேரோ குலசாமி பேரோ அதில் இருக்கும். அதோடு அவருக்கும் வண்டிக்கும் கணக்குத் தீர்ந்தது. அப்புறம் கேபினைத் தூக்கிவிடுவார்கள். இன்ஜின், கியர் பாக்ஸ், கிரவுன், ஆக்சில், பட்டை என்று ஒழுங்கு மாறாமல் வரிசையாக இறங்கும். கேஸ் கட்டரின் நீல நாக்கு சேஸின் மேல் ஊரும்போது பழைய பெயின்ட் கொப்புளித்துக் கருகும். சிவப்புக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் காவி என்று அந்த வண்டி பார்த்த முதலாளிகள் எல்லோரும் ஒரு கணம் தெரிந்து புகையாகப் போவார்கள். அந்த வாடை சட்டையில் இரண்டு நாள் இருக்கும். பட்டறைக்காரரிடம் ஒருதரம், “மனசுக்குக் கஷ்டமா இருக்காதாண்ணா?” என்று கேட்டேன். கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்த கிரவுனைத் தட்டிக் காட்டினார். “இது நாளைக்கே சங்ககிரியில ஒரு வண்டில ஏறிரும் தம்பி. இதப் போயி செத்துப்போச்சுன்னு சொன்னா எப்பிடி?” நியாயமான கேள்விதான். எனக்கு அப்போது பதில் வரவில்லை. அந்தக் கிரவுன் சாகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மூலையில் நின்றிருந்த வண்டி இப்போது எங்கே என்பதுதான் என் கேள்வி என்று பிறகு தோன்றியது. பிறகு தோன்றுகிறவற்றை அவரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

விமானத்தை உடைப்பதும் இதே ஒழுங்குதான், நிதானம் மட்டும் கூடுதல். முதலில் இன்ஜின்கள். விலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அடுத்து வால்பகுதியில் இருக்கும் துணை இன்ஜின், இறங்கு சக்கரத் தொகுதி, விமானி அறையின் கருவிகள், கதவுகள், கணினிப் பெட்டிகள். ஒரு 747-இல் அறுபது லட்சம் பாகங்கள், அதில் பாதி தறையாணியும் திருகாணியும்தான் என்று போயிங் கணக்குச் சொல்லும். விலைபோகிறவை எல்லாம் இறங்கிய பிறகு மிச்சமிருக்கும் கூடு தரையில் வயிற்றால் படுத்துக் கிடக்கும். பெரிய கத்தரி பொருத்திய எந்திரம் வந்து அதைக் கடித்துத் துண்டாக்கும். ஸ்பெயினில் தெருவேல், பிரான்சில் தார்ப், அமெரிக்காவில் அரிசோனா, நியூ மெக்சிகோப் பாலைவனங்கள் என்று ஈரமில்லாத காற்றோ விரிந்த வெட்டவெளியோ பார்த்து இதற்கென இடங்கள் வைத்திருக்கிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அங்கே வருவதெல்லாம் கிழடுகள் அல்ல. உலகின் முதல் ஏ380 பயணிகள் சேவையை, சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு, 2007 அக்டோபர் 25 அன்று பறந்த அதே விமானம் பத்தே ஆண்டில் ஓய்ந்து தார்ப் அருகே உடைக்கப்பட்டது. இன்னும் நன்றாகப் பறக்கக்கூடிய விமானத்தையே, முழுசாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் கூட வரும் என்பதால் பிரிக்கிறார்கள். பாகங்களின் விலையைக் கூட்டினால் முழுசின் விலையைத் தாண்டுகிறது. அப்படியானால் முழுசாக இருப்பதற்கு ஒரு நஷ்டக் கணக்கு உண்டென்றாகிறது. ஒன்றுசேர்ந்திருப்பதற்கே ஏதோ கழிவு பிடிக்கிறார்கள். இந்த இடத்தில்தான் என் உறுத்தல் கொஞ்சம் முகம் காட்டியது.

கழற்றிய பாகம் எதுவும் தனியாகப் போவதில்லை, தன் காகிதத்தோடு போகிறது. எந்த ஆலையில் பிறந்தது, எந்தெந்த விமானத்தில் எத்தனை மணிநேரம் ஓடியது, எத்தனை முறை ஏறி இறங்கியது, யார் பழுது பார்த்துக் கையெழுத்திட்டார் என்று இன்ஜினின் சுழல் தட்டு ஒன்றுக்குப் பிறப்பிலிருந்து ஜாதகம் இருக்கும். அது இல்லாவிட்டால், பளபளவென்று புதுசாக இருந்தாலும், அந்தத் தட்டு பழைய இரும்பு. ஆயுள் முடிந்த பாகத்தைச் சும்மா எறியவும் கூடாது. மறுபடி எதிலும் பொருந்தாதபடி வெட்டியோ நசுக்கியோ சிதைத்துத்தான் எறியவேண்டும். 2023-இல் லண்டனில் இருந்த ஒரு நிறுவனம் போலிக் காகிதம் ஒட்டி இன்ஜின் பாகங்களை விற்றது வெளியே வந்தபோது, உலகெங்கும் விமானங்களை நிறுத்தித் திறந்து பார்க்கவேண்டி வந்தது. உலோகம் கெட்டிருந்ததா என்பது இரண்டாவது சங்கதி. அதன் கதை பொய் என்பதே போதுமானதாக இருந்தது. ஒரு பொருளின் நினைவுக்கு இத்தனை மரியாதை கொடுக்கும் வேறு தொழில் எதுவும் எனக்குத் தெரியாது. கோயில் நகைக்குக்கூட இப்படிப் பதிவேடு கிடையாது. ஆனால் இந்த மரியாதை பாகத்துக்கு மட்டும். விமானத்தின் கதை பாகங்களின் கதைகளாகக் கிழிந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு உறைக்குள் போய்விடுகிறது. அந்த உறைகளை எல்லாம் மறுபடி ஒரு மேசைமேல் கூட்டிவைக்க யாருக்கும் வேலை வருவதில்லை.

தகட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். விமான அலுமினியம் வெறும் அலுமினியம் அல்ல. உடம்பின் தோலில் செம்பு சேர்த்த ரகம், தாங்கும் எலும்புகளில் துத்தநாகம் சேர்த்த ரகம், இடையில் வேறு உலோகத் தறையாணிகள், பூச்சு, பசை. எல்லாம் சேர்ந்து உருகும்போது எந்த ரகமும் அந்த ரகமாகத் திரும்ப வராது. பெரும்பாலும் வார்ப்புக்குப் போகிற சுமாரான அலுமினியமாகக் கீழிறங்கும். பறந்த உலோகம் அனேகமாக மறுபடி பறப்பதில்லை. இதைப் படித்தபோது மேட்டூர் மால்கோ நினைவுக்கு வந்தது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி லாரி லாரியாக இறக்கிக்கொண்டுவந்து மேட்டூரில் அலுமினியம் உருக்கினார்கள். 2008-இல் அந்த உருக்காலை நின்றது. எங்கள் மலை எந்தச் சட்டியாக, எந்தக் கம்பியாக, எந்த ஜன்னல் சட்டமாக யார் வீட்டில் இருக்கிறதோ. அதையும் யாராவது எடைக்குப் போட்டு, அது மூன்றாவது நான்காவது பிறவியில் இருக்கலாம். மலையில் வெட்டிய பள்ளம் மட்டும் வெட்டிய இடத்தில் இருக்கிறது.

இப்படி உருகிப் போவதற்கு முன்னால் கொஞ்சம் காப்பாற்றுவோம் என்று கிளம்பியவர்களும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவிலும் ஜெர்மனியிலும், ஓய்வுபெற்ற விமானத்தின் தோலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஓரம் மழித்து, எந்த விமானம் என்ற பதிவெண்ணைப் பொறித்துச் சாவிக்கொத்தாக விற்கிறார்கள். விமானி அறையின் மூக்குப் பகுதியை முழுசாக அறுத்து வாங்கி வீட்டுத் தோட்டத்தில் வைக்கிறவர்கள் உண்டு. ஜன்னல் சட்டம் கடிகாரமாகிறது, இன்ஜினின் வாய்வளையம் மேசையாகிறது. நம் பக்கமும் இது நடந்ததுதான். பழைய ஐஎன்எஸ் விக்ராந்த் போர்க்கப்பலை அருங்காட்சியகமாக வைத்துக்காக்க முடியாமல், 2014-இல் மும்பையில் உடைக்கக் கொடுத்தோம். 2016-இல் அதன் உலோகத்தைச் சேர்த்துச் செய்ததாக ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. நன்றாகவே விற்றது. அந்த வண்டியை வாங்கியவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பெட்ரோல் தொட்டியில் ஒரு கப்பலின் துளி இருக்கிறது என்ற நினைப்போடு வேலைக்குப் போவது நல்ல நினைப்புத்தான். எனக்கு இடறுவது இன்னொன்று. துண்டைக் காப்பாற்றுகிற ஏற்பாடு முன்கூட்டியே இருந்துவிட்டால் முழுசை உடைப்பது எளிதாகிவிடுகிறது. ஞாபகார்த்தமாக ஒன்று கையில் இருக்கிறதே என்ற ஆறுதல், வெட்டும் கைக்கு முன்பணம் கொடுத்த மாதிரி வேலை செய்கிறது. உரிமையாளர் சாமி படத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் பட்டறையில் கேஸ் கட்டரைப் பற்றவைக்கிறார்கள்.

அந்தப் பட்டறையில் இன்னொன்றும் பார்த்தேன். சேஸில் எண் குத்தியிருக்கும் இடத்தை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தனியாக வெட்டி எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவைத்தார். ஆர்டிஓ ஆபீஸ் கணக்குக்கு. “மத்ததெல்லாம் யாருக்கு வேணும்னாலும் குடுத்துருவேன். இது மட்டும் வெளிய போகக்கூடாது. போச்சுன்னா இந்த நம்பர்ல திருட்டு வண்டி ஓடும்” என்றார். விமானத்திலும் தீயில் அழியாத சின்னத் தகடு ஒன்று உண்டு. யார் செய்தது, எந்த மாதிரி, வரிசை எண் என்ன என்பது அதில் இருக்கும். மேலைநாடுகளில் பழைய போர்விமான ஆர்வலர்கள், தகடும் சில துண்டுகளும் மட்டும் கிடைத்து, அதைச் சுற்றி ஒரு முழு விமானத்தையே புதிதாகக் கட்டிப் பறக்கவிட்டிருக்கிறார்கள். அது அந்தப் பழைய விமானம்தான் என்று சத்தியம் செய்வார்கள். சிரிக்கலாம், ஆனால் திருச்செங்கோட்டில் வைகாசித் தேர் இழுக்கும்போது யாரும் இது அந்தத் தேர்தானா என்று கேட்பதில்லை. அச்சு மாறியிருக்கும், சக்கரம் மாறியிருக்கும், மரம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கும். தமிழ்நாட்டுத் தேர்கள் பலவற்றுக்குத் திருச்சி பெல் ஆலையில் செய்த இரும்புச் சக்கரம்கூட வந்துவிட்டது. வருடா வருடம் ஊர் கூடி இழுப்பதால் அது அதே தேர். இழுக்காமல் பத்து வருடம் கொட்டகையில் நின்றால், ஒரு கட்டை மாறாமலே அது வேறாகிவிடும். ஆக, விமானத்தில் நான் தேடிக்கொண்டிருப்பது பாகங்களில் இல்லாமல், அதைச் சுற்றி ஓடிய வேலையில் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஏறுகிறவர்கள், அழைத்துப்போக வருகிறவர்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டுகிறவர்கள். 2020 பிப்ரவரியில் வூஹானிலிருந்து நம் மாணவர்களை ஏற்றிவந்ததும் ஏர் இந்தியாவின் 747தான். அந்த இரவு எந்தப் பாகத்தோடு எந்த உறைக்குள் போயிருக்கும்? தோன்றுகிறது என்றுதான் சொல்கிறேன். ஆளில்லாத வேளையில் பட்டறை மூலையில் நிற்கும் வண்டியைப் பார்க்கும்போது இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

எதைக் காக்கிறோம் என்பதிலும் ஒரு கோணல் இருக்கிறது. ஏர் இந்தியாவின் முதல் வரிசை 747-களுக்குப் பேரரசர்களின் பெயர் வைத்தார்கள். அசோகர், அக்பர், கனிஷ்கர். நம் பங்குக்கு ராஜேந்திர சோழனும் மகேந்திர வர்மனும் பறந்தார்கள். ஜன்னலைச் சுற்றி ராஜஸ்தான் மாளிகைச் சாளரம் போல் சிவப்பு வளைவு வரைந்திருப்பார்கள். 1978 புத்தாண்டு இரவில் பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்த அசோகரும், 1985-இல் அயர்லாந்துக்கு அருகே குண்டு வெடித்து 329 பேரோடு போன கனிஷ்கரும் எல்லோருக்கும் நினைவிருக்கிறார்கள். ஒழுங்காகப் பறந்து ஒழுங்காக ஓய்ந்த ராஜேந்திர சோழன் எங்கே என்று கேட்க ஆளில்லை. விபத்தோ குற்றமோ நேர்ந்தால்தான் ஒரு விமானத்தை முழுசாகப் பார்க்கிற ஆசை நமக்கு வருகிறது. 1996-இல் நியூயார்க் அருகே வெடித்து விழுந்த டிடபிள்யூஏ 800 விமானத்தைக் கடலடியிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒரு கொட்டகைக்குள் மறுபடி ஒட்டி நிறுத்தினார்கள். இருபது வருடத்துக்கு நெருக்கமாக விசாரணை அதிகாரிகள் அதைப் பார்த்துத்தான் பாடம் படித்தார்கள். பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதில்லை என்று இறந்தவர்களின் குடும்பங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள்; கடைசியில் லேசர் கொண்டு அளந்து பதிவுசெய்துவிட்டு அதை அழித்தும்விட்டார்கள். 1977-இல் கடத்தப்பட்டு மொகதிஷுவில் மீட்கப்பட்ட ‘லாண்ட்ஸ்ஹூட்’ என்ற லுப்தான்சா 737, பிரேசிலில் ஒரு விமான நிலைய மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. 2017-இல் ஜெர்மனி அதைப் பிரித்து, பெரிய சரக்கு விமானத்தில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனது. கொண்டுபோன பிறகு அதை எங்கே, யார் செலவில் வைப்பது என்று ஆண்டுக்கணக்கில் இழுபறி. கந்தஹாருக்குக் கடத்தப்பட்ட நம்முடைய விமானம், ஐசி 814 ஆகப் பறந்த ஏ300, சில ஆண்டுகளுக்குள் மும்பையில் உடைக்கப்பட்டது. இரண்டில் எது சரி என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. எட்டு நாள் அதற்குள் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு அதைப் பார்க்கவேண்டும் என்றா இருந்திருக்கும்? பார்க்கவேண்டியவர்கள் மற்றவர்களோ என்னவோ.

முழுசாகப் பிழைத்தவற்றின் பிழைப்பும் சில சமயம் பார்க்கும்படி இல்லை. ஏர் இந்தியாவில் முப்பது வருடம் பறந்து, திருவனந்தபுரத்தில் நின்றுகொண்டிருந்த ஏ320 ஒன்றை ஏலத்தில் எடுத்தார்கள். ஹைதராபாத்தில் உணவகமாக்கத் திட்டம். 2022 நவம்பரில் இறக்கை வேறு உடம்பு வேறாக டிரெய்லர்களில் ஏற்றிப் புறப்பட்டது. கேரளத்தைத் தாண்டுவதற்குள்ளேயே இறக்கை ஏற்றிய வண்டி ஒரு பேருந்தை உரசிவிட்டது. ஆந்திரத்தில் பாபட்லா மாவட்டத்தில் கொரிசபாடு சுரங்கப்பாதைக்குள் உடம்பு நுழைந்து மாட்டிக்கொண்டது. சுற்றிலும் ஊரே நின்று படம் எடுத்தது. முப்பதாயிரம் அடிக்குமேல் எதையும் உரசாமல் போன ஒன்று, பாலத்துக்கு அடியில் தலை இடிக்க நிற்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். அளவு எடுத்த டிரைவர் யாரோ, அவர் பாடு என்ன ஆயிற்றோ என்றும் நினைத்தேன். எங்கள் பக்கத்து வீடுகளில் அப்படித்தான் நினைப்பு ஓடும். விமானத்துக்குள் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அங்கேயாவது ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். ஜன்னலோர இருக்கை வேண்டும் என்று குழந்தைகள் சண்டை போடும். நாற்சந்தியில் கம்பத்தில் குத்திவைத்த போர்விமானத்துக்கு அந்த யோகம் இல்லை.

இதற்கெல்லாம் நேர் எதிராக ஒன்று நடந்தது. இந்தியன் ஏர்லைன்ஸ் 1982-இல் வாங்கிய 737-200 ஒன்று, பிறகு அலையன்ஸ் ஏருக்குப் போய், 2007-இல் சரக்கு விமானமாகி, இந்தியத் தபால் துறைக்காகப் பறந்து, 2012-இல் கொல்கத்தா விமான நிலையத்தில் ஓர் ஓரமாக நின்றது. நின்றதை ஏர் இந்தியாவே மறந்துபோனது. தனியாருக்குக் கைமாறும்போது சொத்துக் கணக்கிலும் அது இல்லை. உங்கள் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விமான நிலையம் கடிதம் எழுதியபோதுதான், அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவந்தது. விமானத்தைத் தொலைக்க முடியும் என்பது எனக்கு விநோதமாகப் படவில்லை; பங்கு பிரிக்கும்போது விட்டுப்போன நிலம் எங்கள் ஊரிலும் உண்டு. 2025 நவம்பரில் அதை டிரெய்லரில் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்பினார்கள், பராமரிப்புப் பொறியாளர்கள் கழற்றிப் பூட்டிப் பழகுவதற்கு. இதைப் படித்ததும் குரோம்பேட்டை எம்ஐடியில் நின்றிருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்கள் நினைவுக்கு வந்தன. மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று அப்துல் கலாம் தன் சுயசரிதையில் சொல்கிறார். விமானத்துறையை அவர் தேர்ந்தெடுத்ததில் அந்த இரண்டு கிழட்டு விமானங்களுக்குப் பங்கு உண்டு. அவற்றை யாரும் பாதுகாக்கவில்லை, பாடம் நடத்தத் திறந்து வைத்திருந்தார்கள். கொல்கத்தாவிலிருந்து போன 737-க்கும் அது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். திருவனந்தபுரத்து ஏ320-உம் கொஞ்ச காலம் படிப்புக்கு நின்றதுதான்.

அந்த 737-ஐப் பற்றி ஒன்று மட்டும் விடாமல் யோசனை ஓடுகிறது. அது இன்ஜின்களோடு முழுசாகப் போயிருக்கிறது. கனடாவின் வடக்கே சரளைக்கல் ஓடுபாதைகளில் இறங்குவதற்கு இன்றும் 737-200-களை வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வகைக்குப் பழைய பாகம் தேடி அலைகிறவர்கள் இல்லாமலில்லை. நினைவில் இருந்திருந்தால், ஏட்டில் இருந்திருந்தால், யாராவது ஒரு அதிகாரி 2013-லேயே கோப்பைத் திறந்து இன்ஜினை இறக்கி, காகிதத்தை இணைத்து, விற்றிருப்பார். கூடு அந்த வருடமே எடைக்குப் போயிருக்கும். கடிதம் வந்த பிறகு, பதிமூன்று மழைக்காலம் நனைந்த இன்ஜினுக்கு இடைப்பட்ட வருடங்களின் கையெழுத்தை யார் போட்டுத் தருவது? அதனால் விற்க எதுவும் மிஞ்சவில்லை, அதனால் எல்லாம் மிஞ்சியது என்று நினைக்கிறேன். சேலத்துப் பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னேன். “கணக்குல விட்டுப்போன வண்டின்னா பார்ட்டி யாரு, ஆர்சி யாரு பேர்ல இருக்கு?” என்றுதான் முதலில் கேட்டார்.